காற்று இல்லை என்று எடுத்துக்கொள்

நிரல் எழுதுகிறவர்களின் ஆசைகளைப் படித்துப் பார்த்தால் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும். ‘நான் கோபத்தில் எழுதுவதைச் சேமிக்காதே’ என்று ஒருவர் கேட்டிருப்பார். ‘சாப்பிட்டு வந்த தூக்கக் கலக்கத்தில் நான் அழிப்பதை உண்மையாக அழிக்காதே, அழித்த மாதிரி காட்டினால் போதும்’ என்று இன்னொருவர். ‘மேலாளர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றால் திரையில் ஏதாவது கஷ்டமான வேலையாகக் காட்டு’ என்று ஒரு புண்ணியவான் கேட்டதற்கு உலகம் முழுவதிலிருந்தும் ஓட்டு விழுந்துகொண்டே இருந்தது.

இந்த ஆசைகளை வாசிப்பதுதான் சுகிர்தாவின் வேலை. கோயம்புத்தூரில், சரவணம்பட்டிப் பக்கம், ஒரு கண்ணாடிக் கட்டடத்தில். அவளுடைய கம்பெனி செய்வது ஒரே ஒரு பொருள்: மைனா. கணினிக்கு எழுதிப் பழகாதவர்கள் மிரள வேண்டாம். தையல்காரருக்குத் தையல் மெஷின் எப்படியோ, நிரல் எழுதுகிறவருக்கு மைனா அப்படி. அதைத் திறந்து வைத்துக்கொண்டுதான் எழுதுவார்கள், அழிப்பார்கள், திட்டுவார்கள், மறுபடி எழுதுவார்கள். நாம் பாதி எழுதும்போதே மீதியை அது சொல்லிவிடும். அதனால் அந்தப் பெயர். ஊரில் பெரும்பாலானவர்கள் கையில் மைனாதான். அவர்கள் தங்களுக்கு இன்னும் என்னென்ன வேண்டும் என்று எழுதிப் போடுகிற பொது இடத்துக்கு ஆசைப் பலகை என்று பெயர். பிடித்த ஆசைக்கு மற்றவர்கள் ஓட்டுப் போடலாம். ஓட்டு ஏறினால் கம்பெனி அதைச் செய்து கொடுக்கும்.

சுகிர்தா அந்தக் கம்பெனிக்கு வேலைக்கு வந்தது ஒரே ஓர் ஆசைக்காக. அவளே வேறு பெயரில் எழுதிப் போட்ட ஆசை அது.

‘ஒரு வரி யாருடைய கணக்கிலிருந்து எழுதப்பட்டது என்று மைனா காட்டுகிறது. அதை அடித்தது யாருடைய விரல் என்றும் காட்டு.’

எழுதிப் போட்டுவிட்டு, ஓட்டு ஏறுவதை, அடுப்பில் வைத்த உலையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் கணவன் தரணிதரனும் நிரல் எழுதியவன்தான். செந்தட்டி மலை முருகன் கோயிலுக்கு ரோப் கார் போட்டார்களே, அதை ஓட்டுகிற நிரலை எழுதிய குழுவில் இருந்தான். பள்ளத்தாக்கில் காற்று பலமாக அடித்தால் காற்றுமானி சொல்லும், ரோப் கார் தானாக நின்றுவிடும். அப்படித்தான் ஏற்பாடு. ஒரு கிருத்திகை அன்று காற்று அடித்தது, ரோப் கார் நிற்கவில்லை. பெட்டி ஒன்று தூணில் மோதி விழுந்தது. மூன்று பேர் போனார்கள். அதில் ஒரு குழந்தைக்கு அன்று காலையில்தான் மொட்டை அடித்து, தலையில் சந்தனம் பூசியிருந்தார்கள்.

விசாரணை வந்தது. நிரலைத் திறந்து பார்த்தார்கள். ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நடுவே ஒரு வரி இருந்தது. நம் பாஷையில் சொன்னால் இவ்வளவுதான்: காற்றுமானியிலிருந்து பதில் வராவிட்டால், காற்று இல்லை என்று எடுத்துக்கொள். அன்றைக்குக் காற்றுமானியின் கம்பி அறுந்து போயிருந்தது. பதில் வரவில்லை. காற்று இல்லை என்று மெஷின் எடுத்துக்கொண்டது.

அந்த வரிக்குப் பக்கத்தில் இருந்த பெயர் தரணிதரன்.

வேலை போயிற்று. கேஸ் வந்தது, சில மாதம் உள்ளே இருந்தான், ஜாமீனில் வந்தான். வாய்தாவும் இழுவையுமாக அது இன்னும் முடியவில்லை. கோர்ட் வாசலில் அந்தக் குழந்தையின் அப்பா அவன் முகத்தில் துப்பினார். தரணி துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. அப்புறம் அவனை யாரும் கணினிப் பக்கம் சேர்க்கவில்லை. கணபதியில் ஒரு சின்னக் கடையில் மிக்ஸியும் கிரைண்டரும் ஃபேனும் பழுது பார்க்கிறான்.

சுகிர்தாவுக்கு ஒன்று மட்டும் கல்லில் வெட்டின மாதிரி தெரியும். அந்த வரி எழுதப்பட்ட வாரம் தரணியின் வலது கையில் மாவுக்கட்டு. அவினாசி ரோட்டில் நாய் குறுக்கே வந்து வண்டியோடு விழுந்தவன். அவள்தான் சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். விசாரணை அதிகாரியிடம் அதைச் சொன்னாள்.

“கட்டுப் போட்ட கையில எப்படிங்க டைப் அடிப்பாரு?”

“எடது கைன்னு ஒண்ணு இருக்குதல்லம்மா,” என்றார் அதிகாரி.

யார் அடித்தார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். ரோப் கார் மெஷினோடு இணைத்திருந்தது தரணியின் கணினி ஒன்றைத்தான். அதனால் அந்த ஆபீஸில், அவசரமாக எதையாவது மாற்ற வேண்டும் என்றால், யாராக இருந்தாலும் “தள்ளு” என்று சொல்லிவிட்டுத் தரணியின் நாற்காலியில் உட்கார்ந்து, அவன் கணக்கிலேயே அடித்துவிட்டுப் போவார்கள். அந்த நாளில் உட்கார்ந்தது குழுவின் தலைவன் சிபிச்சக்கரவர்த்தி. பார்த்தவர்கள் அவளிடம் குசுகுசுத்தார்கள். விசாரணையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. சிபி மட்டும் திறந்தான்: “அந்த வரியைப் பத்தி எனக்கு எதுவும் தெரியாதுங்க.”

நியாயத்துக்குப் பேர் போன ராஜா பெயரை வைத்துக்கொண்டு சொன்னான். அதற்குப் பிறகு அவனுக்குப் பதவி உயர்ந்தது. கல்லூரிகளில் கூப்பிட்டு மாலை போட்டு, ‘பாதுகாப்பான நிரல் எழுதுவது எப்படி’ என்று பேச வைத்தார்கள். அந்தப் பேச்சுகளை எல்லாம் சுகிர்தா ஒன்று விடாமல் பார்த்தாள். பக்தியோடு கதாகாலட்சேபம் கேட்கிறவர்கள் கூட அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். அவன் சிரிக்கும்போது எந்தப் பல் தெரியும் என்பதுவரை அவளுக்குப் பாடம்.

மாமியார் ஒரு நாள் சொன்னாள். “ஏங் கண்ணு, ஆனைமலப் பக்கம் அம்மன் கோயலுக்குப் போயி மொளகா அரைச்சுப் பூசிட்டு வந்தர்லாமா? அந்தப் பாவி நாசமாப் போவான்.”

“நான் ஆபீஸ்லயே அரைச்சுட்டுத்தான் இருக்கறனுங்த்தே,” என்றாள் சுகிர்தா.

தரணியிடம் அவள் ஒருமுறைகூட, ‘அதை நீங்களா எழுதினீங்க?’ என்று கேட்டதில்லை. கேட்டால் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடும் அல்லவா? ஊரே சந்தேகப்படும்போது வீட்டிலும் அந்தக் கேள்வி எதற்கு? “என் தப்புதான்” என்று அவன் எப்போதாவது முணுமுணுத்தால், “உங்களுக்குப் பெரிய மனசு மாமா, அதான் எல்லாரும் ஏறி மிதிக்கறாங்க,” என்று தோளைத் தட்டிவிட்டு எழுந்து போவாள். அவன் மௌனம்தான் அவளுக்கு அடுப்பு. மூன்று வருஷம் அதில்தான் காய்ந்தாள்.

ஆசைக்கு ஓட்டு ஏறியது. ஏறாமல் என்ன? உலகத்தில் திட்டு வாங்குகிறவர்கள்தானே அதிகம். தங்கள் பெயரில் வேறு யாரோ செய்த தப்புக்குத் தலை குனிந்தவர்கள் ஊர் ஊராக ஓட்டுப் போட்டார்கள். கம்பெனி சரி என்றது. வேலை சுகிர்தாவுக்கும் அனீஸ் பாத்திமாவுக்கும் வந்தது.

அனீஸ் பக்கத்து இருக்கைக்காரி. வயதில் சின்னவள், வாய் பெரிது.

“அக்கா, எனக்கு ஒண்ணு புரியல. விரல் யாருதுன்னு மைனாவுக்கு எப்படித் தெரியும்? அது என்ன ரேகையா பாக்குது?”

“மாடிப்படியில யாரோ ஏறி வர்றாங்க. முகத்தப் பாக்காமயே உங்கம்மான்னு உனக்குத் தெரியுதல்ல?”

“செருப்புச் சத்தத்துலயே தெரியும். ஓடி ஒளிஞ்சுக்குவேன்.”

“அதே மாதிரி விரலுக்கும் நடை இருக்குது. ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவுல எவ்வளவு நேரம் நிக்கிறாங்க, எதை அடிச்சு எதை அழிக்கிறாங்க... ஒருத்தரு மாதிரி இன்னொருத்தருக்கு வராது. அழிச்சதத் திரும்பக் கொண்டு வர்றதுக்காக மைனா அதையெல்லாம் ஆரம்பத்துல இருந்தே சேத்து வச்சிருக்குது. யாரும் தூக்கிப் போடல. நாம சும்மா தோண்டி எடுக்கறோம், அவ்வளவுதான்.”

அனீஸ் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள். 

“அப்ப பழசெல்லாம் தெரிஞ்சுருமாக்கா? நான் காலேஜ்ல ஒருத்தனுக்கு ப்ராஜெக்ட் முழுசா அடிச்சுக் குடுத்திருக்கேன். அவன் இப்ப எங்கயோ பெரிய ஆளு.”

“தெரிஞ்சுரும்.”

“பாவம்க்கா அவன். நல்லா பிரியாணி வாங்கித் தருவான்.”

சுகிர்தா சிரிக்கவில்லை. அவள் விரல்கள் நிற்கவும் இல்லை. அதைச் செய்து முடிக்கிறவரை அவள் ஒரு கல்யாணம் காட்சிக்குப் போனதில்லை. அவளோடு சேர்ந்து எழுதுகிறபோது, மிளகாய் நெடியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி தனக்குக் கண் எரிவதாக அனீஸ் சொல்வாள்.

விரல் காட்டும் மைனா வெளியே வந்தது. வந்த வாரமே ஊர் இரண்டுபட்டது. பேராசிரியர்கள் பெயரில் இருந்ததெல்லாம் மாணவர்கள் விரலாக இருந்தது. ஒரு கம்பெனியில் கணவன் பெயரில் வேலை பார்த்தது மனைவியின் விரல். இரண்டு பேரையும் வேலையை விட்டு அனுப்பினார்கள். திருச்சியில், கை நடுக்கம் வந்த ஒரு மூத்த நிபுணருக்கு அவர் சொல்லச் சொல்ல மகள் அடித்துக் கொடுத்திருக்கிறாள். அவரை மோசடிக்காரர் என்று சொல்லி வெளியே தள்ளினார்கள். அந்தச் செய்தியை அனீஸ் காட்டினாள். சுகிர்தா அதைத் தள்ளிவிட்டு அடுத்ததைப் பார்த்தாள். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு வரி.

மைனாவில் எழுதிய ரோப் கார் நிரல் விசாரணையின் பகுதியாக எல்லோரும் பார்க்கும்படி கிடந்தது. அதைத் திறந்தாள். அந்த வரியில் போய் நின்றாள். பொத்தானை அமுக்கினாள்.

கணக்கு: தரணிதரன். விரல்: சிபிச்சக்கரவர்த்தி.

அவள் அழவில்லை, கத்தவில்லை. பக்கத்தில் இருந்த தண்ணீரை எடுத்து முழுக்கக் குடித்தாள்.  அப்புறம் அந்தத் திரையைப் படம் பிடித்துப் பத்திரிகைக்காரர்கள், விசாரணைக் குழு, சிபி பேசிய கல்லூரிகள் என்று எல்லோருக்கும் ஒவ்வொன்றாக அனுப்பினாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மிளகாய்.

சிபியின் வீழ்ச்சியை அவள் இலை போட்டு உட்கார்ந்து சாப்பிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். பதவி போனதை ஒரு கவளம். கல்லூரிகள் அவன் படத்தை எடுத்ததை ஒரு கவளம். போலீஸ் வண்டியில் ஏறும்போது துண்டால் முகத்தை மூடினானே, அதை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். அந்தப் பல் தெரியவில்லை. தரணிமேல் இருந்த கேஸைத் தள்ளுபடி செய்யப் போவதாகச் செய்தி வந்தது. மாமியார் ஊருக்கெல்லாம் போன் போட்டு, “என்ற மருமவ சாதிச்சுட்டா,” என்றாள். கம்பெனி அவளுக்குப் பதவி கொடுத்து, ஆசைப் பலகை முழுவதையும் அவள் கையில் ஒப்படைத்தது. எந்த ஆசையைச் செய்வது, எதை மூடுவது என்று இனி அவள் வைத்ததுதான் சட்டம்.

தரணி மட்டும் அன்றைக்குக் கடையில் பிரித்துப் போட்டிருந்த ஃபேனை அப்படியே விட்டுவிட்டு வந்து படுத்துவிட்டான். தட்டில் போட்டதைத் தொடவில்லை. சந்தோஷம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

சிபி ஜாமீனில் வந்த பிறகு ஒரு சாயங்காலம், ஆபீஸுக்கு எதிரில் இருந்த பேக்கரியில் அவளுக்காகக் காத்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது. சட்டை பெரிதாகிவிட்ட மாதிரி தொங்கியது. பார்த்ததும் அவளுக்கு உள்ளே இனித்தது. இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்றே எதிரில் போய் உட்கார்ந்தாள்.

“டீ சொல்லட்டுங்களா?” என்றான்.

“நீங்க வாங்கிக் குடுத்து நான் குடிக்கறதா? என்ன, கால்ல விழ வந்தீங்களா? விழுங்க. எல்லாரும் பாக்கட்டும்.”

“விழறதுன்னா எப்பவோ வந்திருப்பேனுங்க.” அவன் மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினான். “விரல் என்னுதுதான். இல்லைன்னு சொல்லல. நாந்தான் அடிச்சேன்.”

“மூணு வருசம் கழிச்சு, மெஷின் சொன்னப்புறம் சொல்றீங்க. வெக்கமா இல்ல?”

“இருக்குது. அன்னைக்கே நானும் இருந்தேன்னு சொல்லியிருக்கோணும். பயம். பொண்டாட்டி அப்பத்தான் முழுகாம இருந்தா. தரணியும் தன் தப்புன்னே சொன்னாரு, நானும் சும்மா இருந்துட்டேன். அது என் பாவம், அதுக்கு உள்ள போறேன். ஆனா உங்க மைனா விரலத்தான் பாத்துச்சு. சொன்ன வாய் யாருதுன்னு உங்க வீட்டுக்காரரக் கேளுங்க.”

“என்ன சொல்றீங்க?”

“கையில கட்டோட ஒரு ஆளு வேலை பாக்கோணும்னா எப்படிங்க பாப்பாரு? அவரு பின்னால நின்னுட்டுச் சொல்லுவாரு. யாராவது ஒருத்தர் உக்காந்து அடிப்போம். அந்த வாரம் பூராவும் அப்படித்தான். அன்னைக்கு நான் உக்காந்திருந்தேன்.”

அவள் எழுந்தாள். நாற்காலி பின்னால் விழுந்தது. “நாய்க்குப் பொறந்தவனே,” என்றாள். பேக்கரியே திரும்பிப் பார்த்தது. வெளியே வந்து நடந்தாள். நடக்கும்போது, எந்த மாவுக்கட்டை வைத்து மூன்று வருஷம் கணவனை நிரபராதி என்று வாதாடினாளோ, அந்தக் கட்டே அவள் கூடவே நடந்து வந்தது.

கடையில் தரணி ஒரு கிரைண்டரின் வயிற்றுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தான். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவள் உள்ளே போனாள்.

“மாமா. அந்த வரிய யாரு சொன்னது?”

அவன் கையை எடுத்தான். பழைய துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தான்.

“நாந்தான் அம்மிணி.”

அவள் ஒரு பழைய மிக்ஸிப் பெட்டியின்மேல் உட்கார்ந்தாள்.

“காத்துமானி அடிக்கடி பதில் சொல்லாமப் போயிரும். ரோப் கார் பாதி வழியில நின்னுரும். மேல சனம் கூச்சல் போடும், கோயல்ல இருந்து போன் போட்டுத் திட்டுவாங்க. கிருத்திகை வேற வருது. பதில் வரலைன்னா காத்து இல்லைன்னு எடுத்துக்கட்டும், இப்போதைக்கு வெய்யி, அப்புறமா மாத்திக்கலாம்னு நான் சொன்னேன். சிபி கூட ஒருக்கா கேட்டான், ‘சரியா இருக்குமா தரணி’ன்னு. அடிடான்னேன். அப்புறம் மறந்தே போச்சு.”

“ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“சொன்னேன். போலீஸ்ல சொன்னேன், கோர்ட்ல சொன்னேன், உங்கிட்டயும் எத்தன தடவ சொன்னேன், என் தப்புன்னு. எனக்குப் பெரிய மனசுன்னு நீதான் சொல்லிட்டிருந்த. அடிச்சது யாருன்னு அவங்க கேக்கல. சொல்லி இன்னொருத்தன இழுத்து விடறதுக்கு மனசு வரல. நீயும் யாருன்னு கேக்கல, அம்மிணி.”

“கேக்காட்டி என்ன? நான் என்ன பண்றேன்னு உங்களுக்குத் தெரியாதா? எத எழுதறேன், எதுக்கு எழுதறேன்னு தெரியாதா?” அவள் கையில் கிடைத்த ஜாரைத் தூக்கிச் சுவரில் எறிந்தாள். “மூணு வருசம்! அவன் முகத்தப் பாத்துப் பாத்து எனக்கு என்ற முகமே மறந்து போச்சு!”

“ஆபீஸ்ல எதோ பெரிய வேலைன்னுதான் நெனச்சேன். சத்தியமா. நீ வீட்டுல எங்க பேசின?”

அது உண்மை. அவள் பேசவில்லை. வென்ற பிறகு சொல்லலாம் என்று வைத்திருந்தாள்.

மறுநாளே தரணி விசாரணை அதிகாரியிடம் போனான். சொல்லிவிட்டு வரப் போனவன், பொன்னாடையோடு திரும்பி வந்தான். “தன்னைக் கெடுத்தவனுக்காக இப்படிப் பேசறீங்களே, உங்களப் பெத்தவங்க புண்ணியவானுங்க,” என்றாராம் அதிகாரி. “மைனாவே சொல்லிருச்சுங்க தரணி. மெஷின் பொய் சொல்லுமா?” சிபியும் அதையேதான் சொல்கிறான் என்று தரணி வாதாடினானாம். மாட்டிக்கொண்டவன் வேறு என்ன சொல்வான் என்று சிரித்தார்களாம். பத்திரிகையில் அவன் படம் வந்தது. அடியில், ‘மன்னிக்கத் தெரிந்த மனிதர்’.

அதுகூடப் பரவாயில்லை. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, குழந்தையின் அப்பா கடைக்கு வந்தார். அன்று சுகிர்தாவும் அங்கே இருந்தாள். கையில் ஒரு பை நிறைய ஆப்பிளும் சாத்துக்குடியும். வாசல் படியிலேயே செருப்பைக் கழற்றினார்.

“அன்னைக்குக் கோர்ட்ல உங்க முகத்துல துப்பிட்டேனுங்க. ஆளு தெரியாமப் பண்ணிட்டேன். நீங்க மனசுல வச்சுக்கக் கூடாது.”

“ஐயா, ஆளு தெரிஞ்சுதான் துப்புனீங்க,” என்றான் தரணி. “நாந்தானுங்க அது. சரியாத்தான் துப்புனீங்க.”

“உங்க நல்ல மனசுக்கு அப்படித்தான் சொல்லுவீங்க.” அவர் குனிந்து தரணியின் காலைத் தொடப் போனார். தரணி பின்னால் நகர்ந்து, நகர்ந்து, அலமாரியில் முட்டிக்கொண்டு நின்றான். அதற்கு மேல் நகர இடமில்லை. அந்த மனிதர் தொட்டுவிட்டார்.

அவர் போன பிறகு தரணி பழங்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

“துப்புனப்பக் கூட நான் மனுசனா இருந்தேன் அம்மிணி,” என்றான்.

கொஞ்ச நாள் கழித்து, ஆபீஸில் அனீஸ் திரையைச் சுகிர்தா பக்கம் திருப்பினாள்.

“அக்கா, பலகையில ஒரு கிறுக்கு ஆசை வந்திருக்கு பாருங்க. ‘வரியை அடித்த விரலைக் காட்டுவது போல, அதைச் சொன்ன வாயையும் காட்டு.’ எவன்க்கா இதுக்கெல்லாம் ஓட்டுப் போடுவான்? பின்னால நின்னு சொல்றவன் பூராம் பெரிய ஆளுங்க. அவங்களே அவங்களுக்கு வேட்டு வெச்சுக்குவாங்களா? எழுதுனவரையும் சேத்து ரெண்டே ஓட்டு.”

“செய்ய முடியுமா?” என்று கேட்டாள் சுகிர்தா. தெரிந்துகொண்டேதான் கேட்டாள்.

“முடியாம என்ன? வாயால சொன்னா மைனா செய்யற வசதி போன வருசமே வந்துருச்சே. அதைப் பழக்கறதுக்காக அதுக்கு முன்னால இருந்தே மைக்கு வருசக்கணக்கா எந்நேரமும் கேட்டுட்டேதான் இருக்குது. விரல் கெடந்த அதே எடத்துலதான் சத்தமும் கெடக்குது. கேக்காம நாம தொறக்கறதில்ல, அவ்வளவுதான். மூடிரட்டுமாக்கா?”

சுகிர்தா ஓட்டுப் போட்ட பெயர்களைப் பார்த்தாள். முதல் பெயர் தரணிதரன். அதற்குக் கீழே சிபிச்சக்கரவர்த்தி. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு, ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி இருந்தன.

மூடு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சிபி உள்ளே போவான். வருஷக்கணக்கில் போவான். தரணியின் பெயர் எந்தக் காலத்துக்கும் சுத்தம். அவள் கேட்டதும் அதுதானே? யாருக்கும் தெரியாது. தரணி சொல்லிச் சொல்லி ஓய்ந்து போவான், ஊர் அவனுக்குப் பொன்னாடை போர்த்திக்கொண்டே இருக்கும். மாறாக இதைச் செய்தாலோ, பாதி பாவம் சிபியின் தலையிலிருந்து இறங்கி அவள் வீட்டுக்கு நடந்து வரும். தரணி மறுபடி உள்ளே போக வேண்டியிருக்கும். அவளே கதவைத் திறந்துவிட்ட மாதிரி.

சிபியை அவள் மன்னிக்கவில்லை. அந்தப் பல்லை நினைத்தால் இப்போதும் அவளுக்கு வயிறு எரிந்தது. மூன்று வருஷம் வாயை மூடிக்கொண்டு மாலை வாங்கியவன்தானே. அவன்மேல் இருந்த வன்மத்தில் ஒரு குண்டுமணி அளவுகூடக் குறையவில்லை. ஆனால் அலமாரியில் முட்டிக்கொண்டு நின்ற முகமும் கூடவே வந்து நின்றது. அந்த முகத்துக்கு எதிராக எந்த மிளகாயை அரைப்பது?

“அக்கா? மூடட்டுமா?”

“வேண்டாம். என் பேருல போடு.”

“ரெண்டு ஓட்டுக்கா?”

“பலகை இப்ப என் கையிலதானே இருக்குது. போடு.”

“இப்பத்தான் பேரைப் பாக்கறேன். இது உங்க வீட்டுக்காரரும் அந்த சிபியும் இல்லக்கா?”

“அந்த ரோப் காரைத் தள்ளி விட்டவங்க,” என்றாள் சுகிர்தா.

அனீஸ் வேலையை அவள் பெயரில் போட்டுவிட்டு, மெல்லத் தன் திரையைத் திருப்பிக்கொண்டாள்.

விரலுக்குக் காட்டியதைப் போலக் குரலுக்கும் முதலில் மைனாவுக்கு ஆளைக் காட்டிக் கொடுக்க வேண்டும். இன்னார் குரல் இப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் பழைய சத்தங்களுக்குள் அது தேடும். சுகிர்தா போனை எடுத்தாள். பழைய செய்திகளுக்குள் போனாள். ரோப் காருக்கு முந்தைய காலத்தில், அவள் ஆபீஸில் இருக்கும்போதெல்லாம் தரணி பேசி அனுப்பியவை வரிசையாகக் கிடந்தன. அவள் எதையும் அழித்ததில்லை. ஒன்றை எடுத்து மைனாவின் காதில் போட்டாள்.

“அம்மிணி, பாலு பொங்கி அடுப்பெல்லாம் ஊத்திருச்சு. தொடச்சுட்டேன். நீ வந்து பாத்துட்டுத் திட்டாத. நானே சொல்லிட்டேன், ஆமா.”

மைனா கேட்டுக்கொண்டது. கொஞ்சம் யோசித்தது. திரையில் எழுதிக் காட்டியது: ‘இது போதவில்லை. அவரை இன்னும் பேசச் சொல்லுங்கள்.’

சுகிர்தா அடுத்ததைப் போட்டாள்.